நவாபின் கடனும் லண்டன் சபைகளும்

(வாலாஜாபாத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன்னர் இருக்கிற நாட்டில் மக்களாட்சி எப்படி நடக்கிறது, ஒரு நாடாளுமன்றத்துக்கு இரண்டு சபைகள் எதற்கு என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் பலர் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஷிப்டுக்குப் போய் வருகிறவர்கள். அங்குள்ள ஜப்பானிய ஆலைகளின் தாய்நாட்டில் பேரரசர் இருக்கிறார். ஆனால் ஆள்வது பிரதமர். இங்கிலாந்திலும் அப்படித்தான். மலேசியாவில் ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்களில் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னராகிறார். அங்கும் ஆள்வது பிரதமர்தான்.

இதை வாலாஜாபாத்திலிருந்தே தொடங்கலாம். இந்த ஊரின் பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவைக் குறிக்கிறது. அவர் பட்ட கடன், நம் சீமையின் நெல்லையும் லண்டன் நாடாளுமன்றத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து நிறுத்தியது. முடியாட்சி எப்படி அடங்கியது, சபைகள் எப்படி வலுத்தன என்பதை அந்தக் கணக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறு வரலாறு எனக்குத் தெரியாது.

முதலில் இன்றைய ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சட்டம் இயற்றுவோர் மூவர்: மன்னர், பிரபுக்கள் சபை, காமன்ஸ் சபை. காமன்ஸ் சபையில் 650 பேர், அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அங்கே பெரும்பான்மை உள்ளவரை மன்னர் பிரதமராக அழைப்பார். பிரபுக்கள் சபைக்கு யாரும் வாக்களிப்பதில்லை. பெரும்பாலோர் ஆயுட்கால நியமனம். நாடாளுமன்றக் கூட்டத்தொடரை மன்னர் உரை நிகழ்த்தித் தொடங்கி வைப்பார். அந்த உரையில் ஒரு வரிகூட அவர் எழுதியதல்ல, அமைச்சரவை எழுதிக் கொடுப்பது. இரு சபைகளிலும் நிறைவேறிய மசோதாவுக்கு ஒப்புதல் தருவார். ஒப்புதலை மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் ராணி, ஆண்டு 1708. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் மறுத்ததில்லை.

தொடக்க விழாவன்று பிரபுக்கள் சபையின் தூதர் காமன்ஸ் சபையை அழைக்க வருவார். அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவார்கள். கதவைத் தட்டிய பிறகே உள்ளே விடுவார்கள். 1642இல் முதலாம் சார்லஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் ஏந்திய ஆட்களோடு அந்தச் சபைக்குள் புகுந்தார். அது இனி நடக்காது என்பதற்காகத்தான் இன்றும் கதவைச் சாத்துகிறார்கள்.

இப்படிச் சொன்னால் எல்லாம் சீராக, படிப்படியாக அமைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அமைந்த விதம் அப்படியில்லை. இனி நம் நவாபிடம் வருவோம்.

முகமது அலி 1749 முதல் 1795இல் இறக்கும்வரை, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் நவாப். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தாங்கிப் பிடித்தது; அந்தப் போர்களின் செலவையும் அவர் தலையிலேயே கட்டியது. 1763இல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை அவர் பெயரைச் சொல்லி அவரையே உரிய நவாப் என்று ஏற்றது. அதே ஆண்டு செங்கல்பட்டு, காஞ்சிபுரம் அடங்கிய இந்தச் சீமையை அவர் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். கொடுத்த நிலத்தையே குத்தகைக்கு எடுத்து 1780வரை வசூல் நடத்தினார். நாம் இன்று நிற்கிற மண்தான் அது.

கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக நவாப் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? சென்னைக் கோட்டையில் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய வெள்ளைக்கார அதிகாரிகள். நூற்றுக்கு 20, 25 என்று வட்டி. ஈடு, இன்னும் அறுவடையாகாத பயிரின் வரி. ஒரு தாலுகாவின் வசூலைக் கடன்காரர் பெயருக்கு நவாப் எழுதிக் கொடுத்துவிடுவார். குத்தகைதாரர் களத்துமேட்டில் வந்து நிற்பார். உழுதவனுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. அந்தக் கடன்களில் கணிசமானவை ரொக்கமாகக் கை மாறியவையே அல்ல. பழைய வட்டியை முதலாக்கிப் புதிய பத்திரம் எழுதியவை, காரியம் சாதிப்பதற்காக எழுதிக் கொடுத்தவை.

இந்தக் கூட்டத்தின் தலைவர் என்றே சொல்லத்தக்கவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் சின்ன உத்தியோகத்துக்கு வந்தவர். தஞ்சாவூரின் விளைச்சல்மீது தனக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்று உரிமை கொண்டாடினார். நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் அரசரிடம் திருப்பிக் கொடுத்த சென்னை கவர்னர் பிகட் பிரபு அந்த உரிமையை ஏற்கவில்லை. அவருடைய ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் எதிர்த்தனர். 1776 ஆகஸ்டில் அவர்கள் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். நம் மண்ணின் நெல்மீது எழுதிய கடன் பத்திரங்களுக்கு ஒரு கவர்னரையே சாய்க்கும் பலம் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லண்டன். 1783 இறுதியில் அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். கம்பெனியின் நிர்வாகத்தை, நாடாளுமன்றம் பெயர் குறிக்கும் ஏழு ஆணையர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பின்னால் இருந்த மூளை எட்மண்ட் பர்க். காமன்ஸ் சபை பெரும்பான்மையோடு அதை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபைக்குப் போனபோது மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு காரியம் செய்தார். இந்த மசோதாவுக்கு வாக்களிப்பவரைத் தன் நண்பராக அல்ல, எதிரியாகவே கருதுவேன் என்று ஒரு பிரபு மூலமாகச் சபை முழுக்கச் சொல்லி அனுப்பினார். டிசம்பர் 17ஆம் தேதி பிரபுக்கள் சபை 95க்கு 76 என்று மசோதாவைத் தோற்கடித்தது. மறுநாள் இரவே மன்னர் அமைச்சர்களை நீக்கிவிட்டு 24 வயது இளைஞர் வில்லியம் பிட்டைப் பிரதமராக்கினார்.

காமன்ஸ் சபையில் பிட்டுக்குப் பெரும்பான்மை கிடையாது. வாக்கெடுப்புக்கு மேல் வாக்கெடுப்பாகத் தோற்றார். ஆனால் பதவி விலகவில்லை. எதிர்த்தரப்பின் முன்னிலை மெல்லக் கரைந்து, 1784 மார்ச்சில் ஒரே ஒரு வாக்காகக் குறைந்தது. அப்போது சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்தார்கள். பிட் பெருவெற்றி பெற்றார். மன்னர் தலையிட்டார், பிரபுக்கள் சபை துணை நின்றது, காமன்ஸ் சபை எதிர்த்தது, வாக்காளர் தீர்ப்பளித்தார்கள் என்று இதைச் சுருக்கலாம். அப்படித்தான் பல நூல்களில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்காளர் யார் என்று கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் தேர்தல் தொகுதிகளில் பல, சில பத்துப் பேரே வாக்களிக்கும் சிற்றூர்கள். சிலவற்றில் குடியே இல்லை. நிலத்துக்கு உரியவர் கைகாட்டியவர் உறுப்பினர். தொகுதியை விலைக்கு வாங்கலாம். ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது; அது வந்தது 1872இல். பென்ஃபீல்ட் 1780இல் கிரிக்லேட் என்ற தொகுதியில் உறுப்பினரானார். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் 1784இல் கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்தில் அமர்த்தியிருந்தார் என்று பர்க் சபையிலேயே குற்றம்சாட்டினார். இந்தச் சீமைகளின் களத்துமேட்டில் அளந்து எடுத்த நெல் வராகனாகி, வராகன் பவுனாகி, பவுன் சபையின் இருக்கைகளாகிவிட்டது.

பிட் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டுச் சட்டம் நவாபின் கடன்களை ஆராயும்படி கம்பெனி இயக்குநர்களுக்குக் கட்டளையிட்டது. அவர்கள் விசாரணை நடத்தத் தயாராக இருந்தார்கள். கம்பெனியை மேற்பார்க்க அதே சட்டத்தால் உருவான கட்டுப்பாட்டு வாரியமும் அதை நடத்திய ஹென்றி டன்டாஸும் எந்த விசாரணையும் இல்லாமல் கடன்களைத் தீர்க்கும்படி உத்தரவிட்டார்கள். பணம் வரவேண்டிய இடம் கர்நாடகத்தின் நிலவரி. அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஐதர் அலியின் படையெடுப்பில் இந்தச் சீமை எரிந்திருந்தது. இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிற புள்ளலூரில் 1780 செப்டம்பரில் கம்பெனியின் ஒரு படைப்பிரிவே அழிந்தது. தொடர்ந்து பஞ்சம். ஊர்கள் காலி. அந்த நிலத்திடம்தான் லண்டன் வட்டி கேட்டது.

1785 பிப்ரவரி 28ஆம் தேதி பர்க் காமன்ஸ் சபையில் எழுந்து நவாபின் கடன்கள் குறித்து மணிக்கணக்கில் பேசினார். அந்த உரை அச்சில் இருக்கிறது. அதில் என்னை உலுக்கும் பகுதி கடன்காரர்களைச் சாடும் இடம் அல்ல. ஏரிகளைப் பற்றிய இடம். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும் என்கிறார். இந்த ஜாகீரைப் பற்றி பர்னார்ட் என்ற அளவையாளர் வரைந்த நிலப்படத்தை வைத்துத் தானே உட்கார்ந்து எண்ணியதாகவும், அந்தப் பகுதியில் மட்டும் 1,100க்கு மேல் இருப்பதாகவும் சொல்கிறார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டைகள் தொடங்கி, சுற்றளவு ஐந்து மைல் வரும் பேரேரிகள்வரை. நம் தென்னேரி, உத்திரமேரூர் ஏரி எல்லாம் அடங்கிய சீமை அது. பர்க் ஒருநாளும் இந்தியாவுக்கு வந்தவரில்லை. ஏரி பழுதானால் நிலம் தரிசாகும், தரிசான நிலத்திலிருந்து எவ்வளவு அடித்தாலும் வரி வராது, அந்த ஏரிகளைப் பேண வேண்டிய பணம்தான் பென்ஃபீல்டுக்குப் போகிறது என்று அவர் வாதாடினார்.

சபை அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, அந்தக் கடன்கள் பற்றிய ஆவணங்களைக் கேட்ட தீர்மானத்தைப் பெருவாரியாகத் தோற்கடித்தது. அமைச்சரவை சார்பில் பதில்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை இருக்கும்போது பதில் எதற்கு? எட்டுப் பேர் மட்டுமே ஒரு சபையைச் சாய்த்துவிட முடியாதுதான். ஆனால் பணத்தால் வந்த உறுப்பினர்களும், அவர்கள் ஆதரவை நாடிய அமைச்சர்களும் ஒரே பக்கம் நின்றபோது, ஆயிரத்து நூறு ஏரிகளின் வாதம் எடுபடவில்லை.

பர்க் அதோடு நிற்கவில்லை. கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது காமன்ஸ் சபையைக் குற்றச்சாட்டுக் கொண்டுவர வைத்தார். கீழ்ச்சபை குற்றம்சாட்டும், மேல்சபை நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும் என்பது அந்நாட்டு முறை. 1788 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரலில் விடுதலையில் முடிந்தது. இரண்டு சபைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்ற ஏற்பாடு அங்கே ஏழு ஆண்டுகள் ஓடிக் களைத்துப் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் நம் நவாப் சென்னையில் இறந்தார், கடன் தீராமலே.

அவர் வழியினரின் கதை சிறியது. 1801 ஜூலையில் அப்போதைய நவாப் அசீம் உத்தௌலா ஓர் உடன்படிக்கையில் ஆட்சி முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைத்தார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பெயரும் மட்டும் மிஞ்சின. 1855இல் அந்தப் பட்டமும் போயிற்று. பின்னர் குடும்பத்துக்கு ஆற்காட்டு இளவரசர் என்ற கௌரவம் கிடைத்தது. சென்னை அமீர் மஹாலில் அது இன்றும் தொடர்கிறது. கம்பெனி பழைய கடன் பத்திரங்களை ஆராய 1805இல் ஓர் ஆணையம் அமைத்தது. அதன்முன் வந்து குவிந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். பல ஆண்டுகள் சல்லடை போட்ட பிறகு உண்மையென்று ஏற்றது 27 லட்சம் பவுனுக்குள். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பர்க் கேட்ட விசாரணை 1785லேயே நடந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லண்டன் மன்னரும் ஆற்காட்டு நவாபும் இருவருமே அதிகாரத்தை இழந்தார்கள். நாளடைவில் இருவரிடமும் பெயர், மாளிகை, மரியாதை மட்டும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் நவாபிடமிருந்து கழன்ற அதிகாரம் கடன்காரர்களுக்கும் கம்பெனிக்கும் போனது. இந்த ஊர் குடியானவனுக்கு அதில் ஒரு பிடியும் கிடைக்கவில்லை. இங்கிலாந்து மன்னரிடமிருந்து கழன்றது ஒரு சபைக்குப் போனது. அந்தச் சபையும் முதலில் விலைக்குக் கிடைத்த சபைதான். அதை மீட்க அங்குள்ள மக்கள் நூறாண்டுக்கு மேல் போராடினார்கள். மன்னரை அலங்காரப் பதவியில் உட்கார வைத்தால் மட்டும் மக்களாட்சி வந்துவிடாது என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

1832இல் வெறும் தொகுதிகளை ஒழித்து, புதிய தொழில் நகரங்களுக்கு உறுப்பினர் தந்தார்கள். 1834இல் நான்காம் வில்லியம் மன்னர் பெரும்பான்மையுள்ள அமைச்சரவையை நீக்கிப் பார்த்தார். இம்முறை தேர்தல் அவருக்குக் கை கொடுக்கவில்லை. சில மாதங்களில் நீக்கியவர்களையே திரும்ப அழைக்க நேர்ந்தது. எந்த மன்னரும் பிறகு அதை முயலவில்லை. 1909இல் நிலவுடைமையாளர்மீது வரி போட்ட பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. அடுத்த ஆண்டில் மட்டும் இரண்டு தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நியமித்தாவது, அந்தச் சபையின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவை நிறைவேற்ற மன்னர் இசைந்த பிறகுதான் பழைய பிரபுக்கள் பணிந்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி பண மசோதாவை அவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த முடியாது. மற்றவற்றை இரண்டு ஆண்டுகள். 1949இல் அது ஓர் ஆண்டாயிற்று. இப்போது அந்தச் சபை செய்வது மசோதாவை வரிவரியாகத் திருத்துவது, யோசிக்க அவகாசம் தருவது. மேல்சபைக்கு அதுவே தகுந்த வேலை என்பது என் கருத்து. வண்டிக்குப் பிரேக் வேண்டும். ஸ்டியரிங் பிரேக்கின் கையில் இருக்கக் கூடாது.

ஜப்பானில் 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பேரரசருக்கு ஆட்சி அதிகாரமே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பட்ஜெட்டில் கீழ்ச்சபை சொல்வதே முடிவு. மற்ற மசோதாக்களை மேல்சபை மறுத்தால் கீழ்ச்சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மறுபடி நிறைவேற்றலாம். 2005இல் தபால்துறையைத் தனியாருக்கு விடும் மசோதாவை மேல்சபை தோற்கடித்தது. பிரதமர் கொய்சுமி கீழ்ச்சபையைக் கலைத்து மக்களிடம் போனார், வென்று வந்தார், மேல்சபை வழிவிட்டது.

நாமும் ஒரு காலத்தில் இதே வகை முடியாட்சியில் இருந்தோம் என்பதை மாணவர்கள் பலர் அறிவதில்லை. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26வரை சுதந்திர இந்தியாவின் தலைவர் சட்டப்படி ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் சார்பில் 1948 ஜூன் முதல் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. குடியரசானபோது மன்னரை விட்டோம், அவர் உட்கார்ந்த ஆசனத்தை விடவில்லை. குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 79ஆவது பிரிவு. மன்னர், பிரபுக்கள், காமன்ஸ் என்ற அதே வார்ப்பு. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

சென்னை மாகாணத்திலும் 1937 முதல் இரண்டு சபைகள் இருந்தன. 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே, மேலவை நியமன உறுப்பினராகி முதலமைச்சரானார். அது சரியல்ல என்று அன்று எழுந்த குரல் நியாயமானது. 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். அங்கே அவர் பேசியதை நாடே கேட்டது. 1967இல் முதலமைச்சரானபோது அவரும் மேலவை வழியாகவே வந்தார். 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேலவை ஒழிந்தது. திரும்பக் கொண்டுவர 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. தமிழ்நாட்டுக்கு மேலவை இல்லாததை நான் பெரிய இழப்பாக எண்ணவில்லை.

எனக்குக் கவலை தருவது மன்னர் விட்டுச்சென்ற அந்தப் பழைய ஆசனம்; மாநிலத்தில் அதில் இருப்பவர் ஆளுநர். இங்கிலாந்தில் 1708க்குப் பிறகு ஒப்புதலை யாரும் மறுத்ததில்லை, மரபே காவல். மலேசியாவில் மரபை மட்டும் நம்பவில்லை. இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதா 30 நாளுக்குள் மாமன்னரின் ஒப்புதல் பெறாவிட்டாலும் சட்டமாகிவிடும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எண் போட்டு எழுதினார்கள். நம்முடைய 200ஆவது பிரிவில் ஆளுநருக்கு அப்படி ஓர் எண் இல்லை. கூடிய விரைவில் என்ற சொற்கள்தான் உண்டு. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் கிடப்பில் இருந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது, காலக்கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கையில், அரசியல் சட்டத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது என்று சொன்னது.

அப்படியானால் அரசியல் சட்டத்திலேயே எழுதுவதுதான் வழி. 200ஆவது பிரிவைத் திருத்த மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் இரு சபைகளிலும், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்தால் போதும். மக்களவையில் நமக்கு 39 பேர் இருக்கிறார்கள், மாநிலங்களவையில் 18 பேர். தனி உறுப்பினர் மசோதாவாகவே அவர்களில் யாரும் இதைக் கொண்டுவரலாம். இந்தத் தொகுதிக்கு வாக்குக் கேட்டு அடுத்த முறை யார் வந்தாலும், எந்தக் கட்சிக்காரரானாலும், எத்தனை நாள் என்று எழுதப் போகிறீர்கள் என்ற கேள்வியை அவரிடம் கேளுங்கள்.